விருப்பத்துக்காக வீட்டோடு மோதும்போது செய்யக்கூடாத பிழைகள்

ஓ.எல் (சாதாரண தரம்) பெறுபேறு வருகிற கிழமையில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் அடுத்துப் படிக்கப்போகிற ஏ.எல் (உயர்தரம்) பற்றி ஒரே கேள்விதான்: "பயோவா, மற்ஸா?" அதாவது உயிரியல் பிரிவா, கணிதப் பிரிவா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கமாட்டார். பிள்ளையின் மனதில் நாடகம் இருக்கும், அல்லது வாகனம் திருத்துவது, கமரா பிடிப்பது, உதைபந்தாட்டம். அதை வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு வீடு இரண்டுபடும்.

வீட்டார் விரும்பியதை விட்டுத் தனக்குப் பிடித்ததை எடுப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தனக்கு எது சரிவரும் என்பது ஓரளவுக்குத் தெரியும். நான் பார்த்தவரையில் காரியம் கெடுவது எடுத்த முடிவால் அல்ல, அதைச் சொன்ன விதத்தாலும் நேரத்தாலும்தான். நல்ல காரணம் கையில் இருக்கிற பிள்ளை, அரைகுறைத் தகவலோடு கோபத்தில் கதைத்து, கிடைக்கக்கூடியதையும் கெடுத்துக்கொள்ளும். பிழைகள் எல்லாம் ஒரே கனமில்லை. முதலில் சொல்லும் இரண்டும்தான் பெரியவை, மற்றவை அவற்றின் வால்.

பயத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நினைப்பது

"அம்மா அப்பாவுக்கு டொக்டரையும் எஞ்சினியரையும் விட்டால் வேற வேலை தெரியாது." பொடியளும் பிள்ளையளும் சந்தியில் நின்று சொல்லும் குறை இது. அரைவாசி உண்மை. மற்ற அரைவாசிக்கு, அவர்கள் உங்கள் வயதில் எங்கே இருந்தார்கள் என்று ஒருக்கால் கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு ஏ.எல் படிக்கிற பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் நாற்பதுகளில் இருப்பார்கள். 1995இல் யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்கு வந்தது, 1996இல் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது, மண்ணெண்ணெய்க்கும் பற்றறிக்கும் தடை இருந்தது. அவர்கள் படித்ததும் படிக்காமல் விட்டதும் இந்த வருடங்களுக்குள்தான். சோதனை மண்டபம் வரைக்கும் போகக் கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். பிறகு 2008, 2009, கடைசிப் போர். மல்லாவி, கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடும்போது உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய அலுமாரி, தையல் மெசின், நெல் மூட்டை எல்லாம் வழிவழியே இறங்கிவிட்டன. கடைசிவரைக்கும் கையில் வந்தது ஒரு சொப்பிங் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். செட்டிகுளத்தில் முகாமுக்குள் பெயர் பதியப் போனபோது அந்தப் பையைத்தான் முதலில் அவிழ்த்தார்கள்.

வீடு போகும், நகை போகும், படித்த படிப்பு மட்டும் கூட வரும் என்று இவர்கள் சொல்வது எங்கேயோ வாசித்த அறிவுரை இல்லை. கண்ணால் கண்டது. அதனால் "நான் நாடகம் படிக்கப்போறன்" என்று மகன் சொல்லும்போது அப்பாவின் காதில் நாடகம் விழுவதில்லை. நாளைக்கு ஒன்று நடந்தால் இவன் எதை வைத்துப் பிழைப்பான் என்பதுதான் விழுகிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காத்தவராயன் கூத்தென்றால் பாய் கொண்டுபோய் விடியவிடிய இருக்கிற அப்பா, ஒருகாலம் கோவலன் கூத்தில் தானே வேடங்கட்டி ஆடிய அப்பா, மகன் உயர்தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' எடுக்கப்போவதாகச் சொன்னால் மட்டும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்புவார். அவருக்குக் கலை பிடிக்காமலில்லை. அவர் அறிந்த காலத்தில் பகல் முழுக்க வயல், இரவில் கூத்து. கூத்து ஒருநாளும் உலை வைக்க அரிசி தந்ததில்லை.

பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார், மகன் கலையின் பெருமையைப் பற்றிப் பதில் சொல்கிறான். இரண்டு பேரும் சரி, இரண்டு பேரும் வேறு வேறு கதை கதைக்கிறார்கள். அடுத்த நாள் கதையே இல்லை.

உங்கள் விருப்பத்தைச் சொல்வதற்கு முன்னால், அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு நாளில், "அப்பா, நீங்கள் ஏ.எல்லில என்ன செய்ய ஆசைப்பட்டனீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வாயைப் பிடுங்கும் தந்திரமாகக் கேட்காதீர்கள், அவர் கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே கேட்டுவிட்டு, பதில் முடியும்வரைக்கும் இருங்கள். சில வீடுகளில் அந்தப் பதில் ஒரு இரவு நீளும். தனக்கும் ஒரு ஆசை இருந்தது என்று வாயால் சொன்ன மனிதர், பிள்ளையின் ஆசையை அடுத்த முறை அவ்வளவு சுலபமாகத் தட்டமாட்டார்.

விபரம் தெரியாமல் கனவை மட்டும் கொண்டுபோவது

வன்னியில் பயோ எடுக்கச் சொல்லும் வீடுகளின் பெரிய வாதம் வெட்டுப்புள்ளிதான், அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுபட அந்தந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு வேண்டிய ஆகக்குறைந்த இசட் ஸ்கோர் (ஏ.எல் தரப்புள்ளி). "எங்கட மாவட்டத்துக்கு இசட் ஸ்கோர் குறைவு, கொஞ்சம் படிச்சாலே மெடிசின் கிடைக்கும்." இதற்குப் பதில் தெரியாமல் "எனக்குப் பிடிக்கேல்லை" என்று மட்டும் சொன்னால் நீங்கள் தோற்றமாதிரித்தான். பதில் இருக்கிறது, கணக்கோடு இருக்கிறது.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பட்டியலில் உண்டு. சலுகை உண்மைதான். ஆனால் 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை 92 ஆயிரம் சொச்சம், நாட்டின் சனத்தொகை 2 கோடியே 3 இலட்சம். இருநூறில் ஒரு பங்கும் இல்லை. ஒரு துறைக்கு நாடு முழுக்க 1000 இடம் என்று வைத்துக்கொண்டால், 55 வீதமான 550 இடத்தில் முல்லைத்தீவின் பங்கு இரண்டு அல்லது மூன்று. 5 வீதமான 50 இடத்தைப் பதினாறு மாவட்டங்கள் பங்குபோட வேண்டும். வெட்டுப்புள்ளி குறைவு, உண்மை. வாசலும் அவ்வளவு ஒடுக்கம். அந்த இரண்டு மூன்று இடத்துக்கும் உங்கள் வகுப்பில் மட்டும் எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று அப்பாவோடு இருந்து எண்ணிப் பாருங்கள்.

பயோவுக்கு எதிராக இதை எழுதவில்லை. உயிரியலில் உண்மையாகவே மனம் இருக்கிற பிள்ளை அந்த இரண்டு இடத்தில் ஒன்றைப் பிடிக்கட்டும். மனமில்லாத பிள்ளை ஃபேர்ஸ்ட் ஷை, செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை என்று அனுமதிக்கப்பட்ட மூன்று தரமும் எழுதி முடிக்கும்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதாகிவிடும். அந்த வயதில் புதிதாக ஒன்றைத் தொடங்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்களை நீங்களும் அறிவீர்கள்.

அடுத்தது, நீங்கள் போக விரும்பும் பாதையின் விபரம். பெரும்பாலான பிள்ளைகள் கோட்டைவிடுவது இதிலேதான், ஏனென்றால் இதை யாரும் வகுப்பில் எழுதிப்போடுவதில்லை.

நாடகம், சங்கீதம், நடனம், சித்திரம் பக்கம் போக நினைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருதனார்மடம் வளாகம் இருக்கிறது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இப்படியான கற்கைகளுக்கு இசட் ஸ்கோர் மட்டும் போதாது, செய்முறைப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மொறட்டுவையில் கட்டடக்கலை, வடிவமைப்பு படிக்கவும், சப்ரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கவும் இதே மாதிரித் தனிச் சோதனை உண்டு. இந்த அறிவித்தல்கள் வரும், விண்ணப்பத் திகதி முடியும், நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை பொது விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிவிட்டுக் காத்திருக்கும். எனக்குத் தெரிய, வீட்டில் சண்டை பிடித்து வென்ற பிள்ளைகூட இந்தத் திகதியில் தோற்றிருக்கிறது. வென்ற சண்டைக்கு ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனது.

கலைப்பிரிவென்றால் தோற்றவர்களின் பிரிவு என்ற கதைக்கும் பதில் வேண்டும். நாட்டில் தேசிய கல்வியியற் கல்லூரிகள் பல இருக்கின்றன, ஒன்று வவுனியாவிலேயே இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி, பிறகு ஆசிரியர் நியமனம். சித்திரம், சங்கீதம், நடனம், உடற்கல்வி ஆசிரியர்களும் அரசாங்கச் சம்பளம்தான் எடுக்கிறார்கள். "கோமேந்து உத்தியோகம்" என்று அம்மா கேட்பதும் நீங்கள் கேட்பதும் ஒரே இடத்தில் சந்திக்கக்கூடிய பாதை இது. இரண்டு தரப்பும் தெரியாமல்தான் மோதிக்கொண்டிருக்கிறது.

கையால் வேலை செய்யப் பிடித்த பிள்ளைக்கு வேறு கதை. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016இலிருந்து இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் நடக்கிறது. வாகனத் தொழில்நுட்பம், கட்டுமானம், தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றை அங்கே தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு படிக்கலாம். அந்தத் தகைமை, என்.வீ.கியூ என்று எல்லோரும் சொல்வது, 1இலிருந்து 7 வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். "கராச்சில கிறீஸ் பூசிக்கொண்டு நிக்கப்போறியோ?" என்று கேட்கிற சித்தப்பாவுக்கு, அந்தக் கிறீஸ் வழியாகவும் பட்டம் வரைக்கும் ஏணி இருக்கிறது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். உயர்தரத்தில் 2013இலிருந்து தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது.

இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது. விருப்பம் என்றால் கலை, எதிர்பார்ப்பு என்றால் விஞ்ஞானம் என்று எல்லா வீட்டிலும் இல்லை. வன்னிக் கிராமங்களில் உயர்தரம் இருக்கிற பள்ளிக்கூடங்களில் பல 1சி வகை, அதாவது கலையும் வர்த்தகமும் மட்டும். அங்கே படிக்கிற ஒரு பெண்பிள்ளை பௌதிகவியலில் உயிராக இருப்பாள். கணிதப் பிரிவுக்குக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய் விடுதியில் நிற்க வேண்டும். "இஞ்சையே ஆர்ட்ஸ் செய்து ரீச்சரா வா பிள்ளை, வீட்டோட இருக்கலாம்" என்று வீடு சொல்லும். அவளுக்கு எதிரே நிற்பது பாடத்தின் மேலான வெறுப்பு அல்ல, தூரமும் பயமும். அவள் கதைக்க வேண்டியதும் பாடத்தைப் பற்றி அல்ல. எந்த விடுதி, யார் பொறுப்பு, வெள்ளிக்கிழமை எத்தனை மணி பஸ், இருட்டுவதற்கு முன் ஊர்ச் சந்தியில் இறங்கலாமா, சந்தியிலிருந்து யார் கூட்டிவருவது. இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால் அம்மாவின் பாதிப் பயம் போய்விடும். வகுப்பாசிரியை ஒருக்கால் வீட்டுக்கு வந்துபோனால் இன்னும் நல்லது. இரவு ஒத்திகை, மைதானப் பயிற்சி என்று போகும் பெண்பிள்ளைகளுக்கும் இதேதான். உரிமையைப் பற்றிப் பேசுவது சரி, ஆனால் பஸ் நேரத்தைப் பற்றியும் பேசுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ணி ஒப்புவிக்காமல் கொப்பித் தாள் ஒன்றில் எழுதுங்கள். எந்தப் பாடங்கள், எந்தப் பள்ளிக்கூடம் அல்லது நிறுவகம், மாதம் பஸ் சீசனுக்கு எவ்வளவு, வகுப்புக்கு எவ்வளவு, முடிவில் என்ன சான்றிதழ், விண்ணப்பம் எந்த மாதம். அதே பாதையால் போய் இப்போது சம்பளம் எடுக்கிற, அப்பா நேரில் போய்க் கதைக்கக்கூடிய ஒரு ஆளின் பெயர். சரிவராவிட்டால் அடுத்தது என்ன. இந்தக் கடைசி வரியை எழுதப் பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை, தன்மேலேயே நம்பிக்கை இல்லாததுபோல் தெரியுமாம். வீட்டார் முதலில் வாசிப்பதே அதைத்தான். தமிழ்த்தினப் போட்டியில் மாகாண மட்டத்தில் முதலிடம் எடுத்த சான்றிதழை மேசையில் வைப்பதைவிட இந்தத் தாள் கூட வேலை செய்யும்.

வெறுப்பதை விட்டு ஓடுவதை விருப்பம் என்று நம்புவது

இரசாயனவியலில் 28 புள்ளி எடுத்த மூன்றாம் நாள் கமராவில் காதல் வந்தால் கொஞ்சம் பொறுங்கள். உண்மையாகவும் இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம்.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அந்த வேலையின் சலிப்பான பகுதியைப் போய்ச் செய்யுங்கள். வீடியோ எடிற்றிங் என்று துடிக்கிற பொடியன், பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு ஸ்ரூடியோவில் விடுமுறைக்குப் போய் நின்று ஒரு கலியாண வீடியோவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரைக்கும் வெட்டட்டும். பொன்னுருக்கலில் ஒரு மணித்தியாலம், தாலிகட்டு, பிறகு அறுகரிசி போடும் ஆட்கள். ஒவ்வொருவராக மணவறைக்கு ஏறி, தலையில் அறுகரிசி போட்டு, என்வலப்பைக் கொடுத்து, கமராவைப் பார்த்து நின்று இறங்குவார்கள். இருநூறு பேர். அதில் ஒருவரையும் விடமுடியாது. மாப்பிள்ளையின் பெரியப்பா விடுபட்டால் கனடாவிலிருந்து கோல் வரும். மேளக்காரரின் சத்தத்தைக் குறைத்து ஐயரின் மந்திரத்தைக் கூட்ட வேண்டும், கரண்ட் நின்றால் திருப்பித் தொடங்க வேண்டும். இதை முடித்தபிறகும் அடுத்த வீடியோவைத் திறக்க மனம் வருகிறதா? வந்தால் அது விருப்பம். வீட்டில் சொல்லுங்கள், பின்வாங்க வேண்டாம். வராவிட்டால் பிடிக்காமல் போனது இரசாயனவியல் மட்டும்தான். அதற்குத் தீர்வு வேறு, ஒரு நல்ல ரியூசன் மாஸ்ரராகக்கூட இருக்கலாம்.

நாடகத்துக்கும் அப்படித்தான். மேடையில் நிற்பது பத்து நிமிடம். வசனத்தைப் பாடமாக்குவது, உடுப்புத் தைப்பது, மற்றவன் நடிக்கும்போது திரை பிடிப்பது மாதக்கணக்கு.

நேரம் பார்க்காமல் கதைப்பது

ஐப்பசி, கார்த்திகையில் காலபோக விதைப்பு. உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்கி, மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதரிடம் புதுத் திட்டம் எடுபடாது. அறுவடை முடிந்து நெல் விற்றுக் கடன் கொடுத்தபிறகு கதைத்தால் அதே மனிதர் வேறு ஆள். முல்லைத்தீவுக் கடற்கரை வீடுகளில் மாரிக்கடல் குழம்பிக் கிடக்கிற மாதங்களும் அப்படியே. பெறுபேறு வந்த இரவும் வேண்டாம், உறவுக்காரர் நிறைந்திருக்கும் செத்தவீடு, கலியாணவீடும் வேண்டாம். ஆட்களுக்கு முன்னால் கேட்டால் அப்பாவால் "ஓம்" சொல்ல முடியாது.

வெளிநாட்டு மாமாவைப் பிடிப்பது

இது வன்னிக்கே உரிய சுத்துமாத்து. வீட்டில் மறுத்ததும் வட்ஸ்அப்பில் ரொறன்ரோ மாமாவையோ பாரிஸ் சித்தியையோ பிடித்து அழுவது. மாமாவுக்கு மனம் இரங்கும், கமராவுக்குக் காசு வரும். அன்றைக்கு வென்றதுபோல இருக்கும். ஆனால் தன் வீட்டுக்குள் தன் சொல் எடுபடவில்லை என்று அப்பாவுக்கு விளங்கிவிடும். காசு அனுப்புகிற ஆளுக்கு முன்னால் ஏற்கனவே குனிந்து நிற்கிற மனிதர் அவர். இந்த அவமானத்தை அவர் வாயால் சொல்லமாட்டார், உங்கள் விருப்பத்தின் மேல்தான் காட்டுவார். காசு கொடுத்த மாமாவும் சும்மா இருக்கமாட்டார். அடுத்த வருடம் "என்ன தம்பி, இன்னும் உழைக்கத் தொடங்கேல்லையோ?" என்று அவர் கேட்பார். ஒரு எதிர்பார்ப்பிலிருந்து தப்பி இரண்டு எதிர்பார்ப்புக்குள் விழுந்த கதை.

மாமாவின் உதவி வேண்டுமென்றால் அப்பாவைக்கொண்டு கேட்பியுங்கள்.

களவாகச் செய்வது

ரியூசன் காசைக் கொண்டுபோய் நடன வகுப்புக்குக் கட்டுவது, பயோ வகுப்பு என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போவது. வன்னிக் கிராமத்தில் இதற்கு ஆயுள் இரண்டு கிழமை. தேத்தண்ணிக் கடையிலிருந்து யாரோ ஒருவர் பார்த்துச் சொல்லிவிடுவார். பிடிபட்ட பிறகு நடனத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கமாட்டார்கள், பொய்யைப் பற்றித்தான் கதைப்பார்கள். பெண்பிள்ளை என்றால் அதற்கு மேல் இன்னும் பத்துக் கதை கட்டுவார்கள். உங்களிடம் இருந்த நியாயம் அத்தோடு போனது.

"மருந்து குடிப்பன்" என்று வெருட்டுவது

விவசாய வீடுகளில் பூச்சி மருந்துப் போத்தல் எட்டுகிற இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த வார்த்தையைப் பகிடிக்கும் எடுக்காதீர்கள். வெருட்டி வாங்கிய சம்மதம் சம்மதமில்லை, அது வெறும் பயம். ஏற்கனவே ஆட்களைப் பறிகொடுத்த வீடுகள் இவை, அந்தப் பயத்தை மீண்டும் அவர்களுக்குக் கொடுப்பது பெரிய கொடுமை. உண்மையாகவே அந்த நினைப்பு வருகிறதென்றால் அது படிப்பைப் பற்றிய பிரச்சினையாக இல்லாமல் வேறொன்றாகிவிட்டது. 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், 24 மணித்தியாலமும் வேலை செய்யும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்து வீட்டில் அடி, கொடுமை என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை. கிட்ட இருக்கிற, நீங்கள் நம்புகிற ஒரு ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

வீட்டைவிட்டுப் போவது, ஓ.எல்லை இடையில் முறிப்பது இரண்டும் இதே வகைக் கோபம்தான். எந்தக் கலைக்குப் போனாலும் எந்தத் தொழிலுக்குப் போனாலும் விண்ணப்பத்தில் பெரும்பாலும் கேட்பது ஓ.எல் பெறுபேற்றைத்தான், அதிலும் தமிழும் கணிதமும். கணிதத்தில் ஒரு எஸ்ஸாவது (சாதாரண சித்தி) இருக்கட்டும்.

மூத்த பிள்ளை தன்னைச் சுயநலக்காரன் என்று எண்ணுவது

இதைப் பிழை என்று சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனையோ. தாய் கூலிக்கோ தோட்டத்துக்கோ போகிறா, நுண்கடன்காரர் கிழமைக்கொருக்கால் படலையில் வந்து நிற்கிறார்கள், கீழே இரண்டு பேர் படிக்கிறார்கள். அந்த வீட்டு மூத்த பிள்ளையிடம் போய் "உன் விருப்பத்தைப் பின்தொடர்" என்று சொல்வது லேசு. சொல்பவர் அரிசிக்காசு கொடுக்கப் போவதில்லை.

அப்படியான வீட்டில் உங்கள் தாளில் முதல் வரி உழைப்பாக இருக்கட்டும். ஏ.எல் முடிந்து பெறுபேறும் பல்கலைக்கழக அனுமதியும் வருகிற காத்திருப்புக் காலத்துக்குள் ஒரு என்.வீ.கியூ பயிற்சி முடிக்கலாம். பகலில் காமென்ற் வேலை, சனி ஞாயிறில் சங்கீதம் என்று போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான்கு வருடம் பிந்தினால் என்ன? முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்சில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளப் போட்டிக்குப் போய்த் தங்கம் எடுத்தபோது வயது 72. அவவை உதாரணம் காட்டி உங்களை எழுபது வரைக்கும் காத்திருக்கச் சொல்லவில்லை. இருபதில் எல்லாம் முடிந்துபோகும் என்று பதறுகிற பிள்ளைக்கு, அப்படியில்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறா, அவ்வளவுதான்.

வீட்டாருக்குக் கொஞ்சம்

"உனக்காகத்தானே உயிரோட வந்தம்" என்ற வசனத்தை விட்டுவிடுங்கள். உண்மைதான். ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையால் அதற்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடியாத பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாமல் விடத் தொடங்கும்.

அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றையும் விட்டுவிடுங்கள். அம்மாவைத் தூதுக்கு அனுப்பாமல் அப்பா நேராகக் கதைக்கட்டும். முடியாது என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்றாலும், முழுக்க மறுக்காமல் ஒரு தவணை கொடுத்துப் பாருங்கள். உயர்தரம் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் பிரிவு மாறலாம், வருடம் கடந்தால் பாடத்திட்டத்தைப் பிடிக்க ஏலாது. ஆகவே தவணை முடிவில் என்ன பார்ப்பது என்பதை முன்கூட்டியே இருவரும் கதைத்து வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஒழுங்காகப் போனதா, தவணைப் புள்ளி என்ன, ஆசிரியர் என்ன சொல்கிறார், இவ்வளவும் போதும்.

பிள்ளை அந்தக் கொப்பித் தாளைக் கொண்டுவந்து நீட்டினால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். பஸ் காசு பிழையாகப் போட்டிருந்தால் பிழை என்று சொல்லித் திருத்துங்கள். அதில் எழுதியிருக்கிற ஆளை நீங்களே ஒருநாள் போய்ச் சந்தித்து, அவர் எவ்வளவு சம்பளம் எடுக்கிறார், எத்தனை வருடம் கஷ்டப்பட்டார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். திரும்பி வந்து சொல்லும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள்.